அதிகாரத்துக்கு எதிராக ஒரு பத்து நிமிடப் பேய் நாடகம்: பெண்கள் எழுதி மேடையேற்றும் வழி

மலேசியாவில் பந்திங் பக்கம் நாடகம் எழுத ஆசைப்படும் பெண்கள் என்னிடம் கொண்டுவரும் கதை பெரும்பாலும் ஒன்றுதான். ஃபேக்டரி சூப்பர்வைசர், கோயில் தலைவர், டியூஷன் வாத்தியார், வீட்டுப் பெரியவர், இப்படி யாரோ ஒருவர் தன் கையில் இருக்கும் அதிகாரத்தை வைத்து ஒரு பெண்ணை என்ன செய்தார், அதை ஊர் எப்படி மூடி மறைத்தது என்ற கதை. அதை அப்படியே எழுதினால் அழுகை நாடகமாகிவிடுகிறது. பார்க்கிறவர்கள் "பாவம்" என்று கண்ணைத் துடைத்துவிட்டு, வாசலில் வைத்திருக்கும் மீகூனைச் சாப்பிடப் போய்விடுகிறார்கள். பேய் நாடகமாக எழுதுங்கள் என்பதுதான் என் பதில். குட்டையாக, பத்து நிமிடத்துக்குள், சில பேர் மட்டும் நடிக்கிற மாதிரி. பாவம் என்று சொல்கிறவர் தூரத்தில் நின்று பார்க்கிறார், ஆனால் பயம் வந்துவிட்டால் அவரும் கதைக்குள் மாட்டிக்கொள்கிறார், அப்புறம் அவ்வளவு சுலபமாக வெளியே வர முடியாது.

யார் பேய் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

நாம் கேட்டு வளர்ந்த கதைகளில் பேய் பெரும்பாலும் பெண். வெள்ளைச் சேலை, விரித்த தலை, கொலுசுச் சத்தம். கொஞ்சம் விசாரித்தால் அநியாயமாகச் செத்தவளாக இருப்பாள். யாரால் செத்தாளோ அந்த ஆள் கதையின் பாதியிலேயே காணாமல் போயிருப்பான், அவளைப் பார்த்து நடுங்குவது மட்டும் நமக்கு மிச்சம். மலாய்க்காரர்களின் பொந்தியானாக் பிரசவத்தில் இறந்தவள். அவள் பிடரியில் ஆணி அடித்தால் அழகான, அடங்கிய மனைவியாகிவிடுவாள், ஆணியைப் பிடுங்கினால் பழையபடி ஆவாள் என்று ஒரு கதை உண்டு. பேயை மரத்தில் ஆணி அடித்து இறக்குவது நம் பக்கத்திலும் இருக்கிறது. கதை சொல்கிறவர்கள் ஆணி பிடுங்கப்படும் நேரத்தைத்தான் குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். எனக்கு என்னவோ ஆணி அடித்த பிறகு வரும் வருஷங்கள்தான் பயங்கரமாகத் தெரிகின்றன. சமைக்கிறாள், சிரிக்கிறாள், வந்தவர்களுக்குக் காப்பி கொடுக்கிறாள், நடுநடுவே கழுத்தைச் சொறிகிறாள். வந்தவர்கள் எல்லாருக்கும் ஆணி தெரிகிறது, ஒருவரும் கேட்பதில்லை. இதை வைத்தே ஒரு முழு நாடகம் எழுதலாம், யாராவது எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

பழையனூர் நீலியையும் திரும்பப் படியுங்கள். நகைக்காகக் கணவன் கொன்ற பெண், அடுத்த பிறவியில் வணிகனாகப் பிறந்தவனைத் தேடி வருகிறாள். கள்ளிக்கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, இவன் என் புருஷன் என்று பழையனூர் வேளாளர் எழுபது பேர் முன்னால் அழுகிறாள். அவன் பயந்து கதறுகிறான். அவன் உயிருக்கு நாங்கள் பிணை என்று சொல்லி, அவன் பாதுகாப்புக்கு வைத்திருந்த வாளையும் வாங்கிக்கொண்டு, அவளோடு ஒரே வீட்டில் விட்டுவிடுகிறார்கள். விடிந்தால் அவன் பிணம். எழுபது பேரும் சொன்ன சொல்லுக்காகத் தீயில் இறங்குகிறார்கள். நீலிக் கண்ணீர் என்று சொல்லிப் பழகியதில் அந்தச் சபையை மறந்துவிட்டோம். ஆபத்தில் இருக்கும் ஒருவர் கண்ணெதிரே கதறும்போது, எங்களுக்குத் தெரியும் என்று எழுபது பெரிய மனிதர்கள் முடிவு சொல்கிறார்களே, இந்த ஊரில் எந்தக் கூட்டத்துக்குப் போன பெண்ணுக்கும் அந்தக் காட்சி தெரியும். கதறுகிறவரைப் பெண்ணாக்கி, சபையை உங்களுக்குத் தெரிந்த ஒரு செயலவை ஆக்குங்கள். பேய் சபைக்கு நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கட்டும்.

எழுதி முடித்ததும் ஒரு சோதனை. பேயை, சத்தத்தை, இருட்டை எல்லாம் நாடகத்திலிருந்து எடுத்துவிட்டு வெறும் வசனத்தைப் பட்டப்பகலில் படித்துப் பாருங்கள். அப்போதும் வயிற்றைப் பிசைந்தால் நாடகம் சரி. இல்லையென்றால் நீங்கள் எழுதியது வெறும் திடுக்கிடல்.

இன்னொன்று, பேயைப் பழிவாங்க விடாதீர்கள். இதில் என்னோடு சண்டை போடும் தோழிகள் உண்டு, மேடையிலாவது அவன் சாகட்டுமே என்பார்கள். அந்த ஆசை எனக்கும் புரிகிறது. ஆனால் பேய் வந்து அவனைக் கொன்றுவிட்டால் கூட்டம் கைதட்டும், கணக்கு தீர்ந்தது என்று எழுந்து போகும். அவனைக் காப்பாற்றியவர்கள், அந்த மண்டபத்திலேயே மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கலாம், அவர்களும் சேர்ந்து கைதட்டுவார்கள்.

பயத்தை ஊருக்குள்ளேயே தேடுங்கள்

கோட்டை, கல்லறை, பாழடைந்த பங்களா எதுவும் வேண்டாம். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு விடியற்காலைப் பிரட்டு, அதாவது வேலைக்கு அனுப்பும் முன் வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவது, போதும். இன்றைக்கு நம்மில் பாதிப் பேர் தாமான் வீடுகளுக்கும் ஃப்ளாட்டுக்கும் வந்துவிட்டோம், செம்பனைக் காட்டில் இந்தோனேசியர்களும் வங்காளதேசிகளும்தான் அதிகம். ஆனாலும் பாட்டி சொன்ன பிரட்டு, தீம்பார் என்ற ரப்பர்க் காடு, லயத்து வீடு, பிள்ளைகளை விட்டுப் போகும் ஆயக்கொட்டகை எல்லாம் இந்த ஊர்க்காரர்களின் உடம்பில் இருக்கிறது. இருட்டில் வரிசையாக நிற்பது, வேலையை மேற்பார்க்கும் மண்டோர் கையில் டார்ச் லைட், கணக்கெழுதும் கிராணி கையில் செக்ரோல் என்ற பேர்ப் புத்தகம், யாரை எந்த மர நிரைக்கு அனுப்புவது என்று ஒருவர் வாய் முடிவு செய்வது. ஒதுக்குப்புறமான நிரை யாருக்கு விழும் என்பதில் எத்தனை கதை இருந்தது என்று உங்கள் வீட்டுக் கிழவிகளைக் கேட்டுப் பாருங்கள். உடனே சொல்ல மாட்டார்கள். பேச்சை மாற்றுவார்கள், வெற்றிலையைத் தேடுவார்கள். அந்தப் பேச்சு மாறிய இடத்தைக் குறித்து வையுங்கள், நாடகம் அங்கேதான் இருக்கிறது.

வரலாறும் கைகொடுக்கும். 1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தொடங்கிய வேலைநிறுத்தத்தில் கூலி உயர்வோடு வேறு கோரிக்கைகளும் இருந்தன. துரையோ உத்தியோகஸ்தரோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும், கள்ளுக்கடைகளை மூட வேண்டும், தோட்டத்துப் பெண்களிடம் வெள்ளைக்காரர்களும் மேல் உத்தியோகஸ்தர்களும் முறைகேடாக நடந்துகொள்வது நிற்க வேண்டும். தலைவர் ஆர். எச். நாதனைக் கைது செய்து நாடு கடத்தினார்கள், ராணுவம் வந்தது, உயிர்கள் போயின. கோரிக்கைப் பட்டியலில் பெண்கள் ஒரே ஒரு வரி. எந்தத் தோட்டம், எந்தப் பெண், என்ன நடந்தது என்று அந்த வரி சொல்லாது. நாடகம் எழுதுகிறவளுக்கு அந்த வரிக்குப் பின்னால் இருக்கும் மௌனம் பெரிய சொத்து. நடந்ததாக எதையும் இட்டுக்கட்டி வரலாறு என்று சொல்லாதீர்கள், அந்த வரியை மட்டும் ஒரு பாத்திரம் திரும்பத் திரும்பப் படிக்கட்டும், ஒவ்வொரு தடவையும் பின்னால் நிற்கும் பெண்கள் ஒரு அடி முன்னால் வரட்டும்.

தோட்டத்தில் களைக்கொல்லி மருந்து அடிக்கும் பெண்களை மறந்துவிடாதீர்கள். முதுகில் மருந்துத் தோம்பு, கையுறை இல்லை, நகம் கழன்று விழுவது, மூக்கில் ரத்தம் வடிவது. பாராகுவாட் என்ற களைக்கொல்லி இந்த நாட்டில் 2020-ல்தான் முழுதாகத் தடையானது. பேய்க் கதையில் வரும் உடம்பை இவர்கள் பட்டப்பகலில் சுமந்திருக்கிறார்கள், கற்பனை செய்ய ஒன்றும் இல்லை.

பத்து நிமிடத்தை எப்படி அடுக்குவது

குட்டி நாடகம் நமக்குப் புதிது இல்லை, திருவிழா இரவுகளில் நாடகத்துக்கு நடுவே வரும் துண்டுக் காட்சி அதுதான். பத்து நிமிட நாடகங்களுக்கென்றே 2002-ல் சிட்னியில் தொடங்கிய ஷார்ட் பிளஸ் ஸ்வீட் விழா கோலாலம்பூருக்கும் வந்திருக்கிறது. பயங்கர நாடகத்துக்குப் பேர் போன இடம் பாரிஸின் கிராண்ட் கினோல் அரங்கம், 1897 முதல் 1962 வரை. பழைய தேவாலயக் கட்டடம், முந்நூறு பேர்கூட உட்கார முடியாது. ஒரே இரவில் பல குட்டி நாடகங்கள், ஒரு பயங்கரம், ஒரு சிரிப்பு, மறுபடி பயங்கரம் என்று மாற்றி மாற்றிப் போடுவார்கள். சின்ன மண்டபம், குட்டி நாடகம், நடுவில் சிரிப்பு, இந்த மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். மேடையில் பெண் உடம்பைக் கிழிப்பதை எடுக்காதீர்கள். அங்கே பவுலா மாக்ஸா என்ற நடிகை ஆயிரக்கணக்கான தடவை மேடையில் கொல்லப்பட்டு, அதற்காகவே புகழ் பெற்றார். நாம் எழுதும்போது அடி விழுவதைக் காட்ட வேண்டியதே இல்லை. கதவு சாத்தப்படுவதும், சாத்திய கதவைப் பார்த்துவிட்டு வெளியே இருப்பவர்கள் தாயக்கட்டையை உருட்டுவதும் போதும்.

ஒரே இடம், ஒரே நேரம். அதிகாரம் உள்ள ஒருவர், அதை அனுபவிக்கிற ஒருவர், தெரிந்தும் சும்மா இருக்கிற ஒருவர். மூன்றாவது ஆளுக்குத்தான் நல்ல வசனம் எழுத வேண்டும், ஏனென்றால் மண்டபத்தில் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் அவர்தான். அப்புறம் ஒரு வழக்கத்தை வையுங்கள். பேர் கூப்பிட்டால் பதில் சொல்ல வேண்டும், பெரியவர் சாப்பிடாமல் யாரும் கை வைக்கக் கூடாது, இந்த மாதிரி. முதல் தடவை அது சாதாரணமாக நடக்கட்டும், இரண்டாவது தடவை லேசாகப் பிசகட்டும், மூன்றாவது தடவை உடையட்டும்.

ஒரு மாதிரி சொல்கிறேன், எடுத்து மாற்றிக்கொள்ளுங்கள். பிரட்டுக்களம், விடியவில்லை. நான்கு பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள். மண்டோர் பேர் கூப்பிடுகிறார், ஒவ்வொருத்தியும் "இருக்கேன்" என்கிறாள், கிராணி எழுதுகிறார். மறுநாள். நேற்று ஒரு பெண் ஆபீசுக்குப் போய் ஏதோ சொன்னாள் என்பது இரண்டு பெண்களின் முணுமுணுப்பில் தெரிகிறது. மண்டோர் அவள் பேரைக் கூப்பிடவில்லை. அவள் "இருக்கேன்" என்கிறாள். கிராணி "வரல" என்று எழுதுகிறார். அவள் சத்தமாகச் சொல்கிறாள், பக்கத்தில் நிற்பவளின் கையைப் பிடிக்கிறாள், பக்கத்தில் நிற்பவள் தன் கையை மெல்ல எடுத்துக்கொண்டு நேராகப் பார்க்கிறாள். அடுத்த நாள் அவள் நிற்கிற இடத்தில் இன்னொருத்தி வந்து நிற்கிறாள், அவளுக்குள்ளேயே நிற்பது போல. அதற்கடுத்த நாள் மண்டோர் இன்னொரு பேரையும் தாண்டிப் போகிறார், அன்றைக்குக் கையை எடுத்துக்கொண்டவளின் பேர். இங்கே செத்தவர் யாரும் இல்லை. உயிரோடு நிற்கிற பெண்ணை ஒரு புத்தகம் பேயாக்குகிறது, மற்றவர்கள் ஒத்துக்கொள்வதால்தான் அது நடக்கிறது. கடைசியில் பேர்கள் முழுவதும் கூப்பிட்டாகிவிட்டது, வரிசையில் ஒருவரும் இல்லை, கிராணி எழுதிக்கொண்டே இருக்கிறார், மண்டபத்தின் பின்பக்கமிருந்து "இருக்கேன்" என்று பல குரல்கள். விளக்கை உடனே போடுங்கள், இருட்டில் முடித்தால் அழகாக இருக்கும், ஆனால் பார்க்கிறவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டும்.

அதிகாரம் உள்ளவருக்கு வில்லன் வசனம் எழுதாதீர்கள். கண்ணை உருட்டி, மீசையை முறுக்கினால் நான் அப்படி இல்லையே என்று அவரை மாதிரியான ஆட்கள் தப்பித்துவிடுவார்கள். "என்னம்மா, சாப்பிட்டியா?" "நீ எனக்கு மக மாதிரி." "ஒங்கப்பாவ எனக்கு நல்லா தெரியும்." "வேலை வேணும்தானே, சொல்லு." இந்த ஊரில் இந்த வரிகளைக் கேட்டு உள்ளுக்குள் உறைந்த பெண்கள் எத்தனையோ பேர். அன்பாகச் சொல்ல வையுங்கள். வசனம் தோட்டத்துப் பேச்சாகவே இருக்கட்டும், மலாய்ச் சொல் வந்தால் வரட்டும், மேடைத் தமிழில் எழுதினால் யாருக்கும் முதுகு சிலிர்க்காது.

மேடைச் சாமான்

பொது மண்டபத்தில் பெரிய விளக்கு வசதி இருக்காது, வேண்டவும் வேண்டாம். டியூப்லைட்டை எல்லாம் அணைத்துவிட்டு மண்டோர் கையில் உள்ள டார்ச் மட்டும் வெளிச்சம் என்று வைத்துக்கொண்டால், யாரைப் பார்ப்பது என்பதை அவரே முடிவு செய்கிறார், அதுவே அதிகாரத்தைக் காட்டிவிடும். சத்தத்துக்குத் தகரக் கூரையில் மழை, வாளி உரசுவது, மங்குக் கிண்ணத்தில் ரப்பர்ப் பால் சொட்டுவது. ரெக்கார்டிங் போடாமல் ஆளை வைத்துச் செய்தால் நல்லது, அதையும் மேடையிலிருந்து செய்யாமல் கூட்டத்துக்குப் பின்னாலிருந்து செய்யுங்கள். வாசனையை ரொம்பப் பேர் மறந்துவிடுகிறார்கள். அதிகாரம் உள்ள அந்த ஆள் மேடைக்கு வருவதற்கு முன்னால், ஒரு துணியில் கோடாலித் தைலத்தைத் தடவி மின்விசிறிக்குப் பக்கத்தில் பிடியுங்கள். இரண்டாவது தடவை வாசனை வந்ததுமே கூட்டம் நிமிர்ந்து உட்காரும், அவர் வரவே வேண்டாம்.

ரத்தம் வேண்டுமென்றால் கொஞ்சமாக. ரோஸ் சிராப்பில் சோளமாவு கலந்து, நிறம் கருக்கக் கொஞ்சம் காப்பித்தூள், போதும். துணியில் கறை பிடிக்கும் என்பதால் பழைய கைலியில் முதலில் பாருங்கள். காயத்துக்கு ரப்பர்ப் பால் நல்லது என்று யாராவது தீம்பாரிலிருந்து பால் கொண்டுவந்தால் வாங்காதீர்கள், உறையாமல் இருக்க அதில் அமோனியா கலந்திருப்பார்கள், தோல் வெந்துவிடும். சிலருக்கு ரப்பர்ப் பாலே ஒத்துக்கொள்ளாது.

உறுமி, உடுக்கை பற்றி ஒரு வார்த்தை. பயக் காட்சிக்கு அந்த அடி பிரமாதமாகப் பொருந்தும், ஆனால் நம் கூட்டத்தில் யாருக்காவது அருள் வந்துவிடும், அப்புறம் நாடகம் அங்கேயே நின்றுவிடும், வந்தவரையும் வேடிக்கைப் பொருளாக்கிவிடுவோம். அந்தத் தாளத்தை உடைத்து, பாதியில் நிறுத்தி வாசியுங்கள், அல்லது வாளியையும் தகரத்தையும் தட்டுங்கள். அப்படியும் நடந்தால் என்ன செய்வது என்று தெரிந்த ஒரு பெரியம்மாவை முன்வரிசையில் உட்கார வையுங்கள், தண்ணீரும் திருநீறும் பக்கத்தில் இருக்கட்டும். முனியாண்டியையும் மதுரை வீரனையும் பயமுறுத்தும் உருவமாக்காதீர்கள். மதிப்பது ஒரு காரணம், இன்னொரு காரணம் உங்களை எதிர்க்கக் காத்திருப்பவர்களுக்கு அது நல்ல சாக்கு.

உண்மைக் கதையை எடுக்கும்போது

இதில் அவசரமே கூடாது. ஒரு பெண் தனக்கு நடந்ததை உங்களிடம் சொன்னால் அது அவள் கதை. எழுதலாமா என்று கேளுங்கள், எழுதியதைக் காட்டுங்கள், அரங்கேறுவதற்கு முந்தைய நாள் வேண்டாம் என்று சொன்னால் நிறுத்துங்கள். நாடகம் நின்றால் மனசு வலிக்கும்தான், வலிக்கட்டும். நடந்ததை நடந்தபடியே அவளை நடிக்கச் சொல்லாதீர்கள்.

பேரை மாற்றினால் போதும் என்று நினைக்காதீர்கள். ஊரில் ஒரே ஒரு வெள்ளை ஹைலக்ஸ் வைத்திருக்கும் தலைவர் என்று எழுதினால் பேர் எதற்கு? பார்க்கிறவர்கள் ஆளை அடையாளம் கண்டுகொண்டால் அவதூறு வழக்கு வரலாம், 1957-ஆம் ஆண்டு அவதூறுச் சட்டமும் இருக்கிறது, குற்றவியல் சட்டத்தில் 499, 500 பிரிவுகளும் இருக்கின்றன. வேலை, ஊர், உறவு, காலம் எல்லாவற்றையும் மாற்றுங்கள், இரண்டு மூன்று பேரின் செய்கைகளை ஒருவராக்குங்கள். பேசியதற்காகப் பெண்கள் இந்த நாட்டில் விலை கொடுத்திருக்கிறார்கள். பெண்கள், வெளிநாட்டுத் தொழிலாளர்கள் உரிமைக்கான தெனாகானித்தா அமைப்பின் ஐரின் ஃபெர்னாண்டஸ், தடுப்பு முகாம்களில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் படும் பாட்டை 1995-ல் அறிக்கையாக எழுதினார், அதற்காகவே வழக்கு, 2003-ல் ஓராண்டுச் சிறைத்தண்டனை, 2008-ல்தான் அந்த வழக்கிலிருந்து விடுதலையானார். இதைச் சொல்வது பயமுறுத்த இல்லை. கவனமாக எழுதினால் நீண்ட நாள் எழுதலாம் என்பதற்காக.

மண்டபம் எடுக்கும்போதே நகராண்மைக் கழகத்தில் அனுமதி வேண்டுமா, போலீசுக்குச் சொல்ல வேண்டுமா என்று கேட்டு முடித்துவிடுங்கள். கதைச் சுருக்கத்தை மலாயில் ஒரு பக்கம் எழுதிக் கையில் வைத்திருங்கள். திருவிழா இரவில் போடாதீர்கள், பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள், குடித்துவிட்டு வருகிறவர்களும் இருப்பார்கள். தனியாக ஒரு சனிக்கிழமை, பெரியவர்களுக்கு மட்டும் என்று வாசலில் எழுதி ஒட்டி, எதைப் பற்றிய நாடகம் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தெரியாமல் வந்து மாட்டிக்கொண்ட பெண்ணுக்கு அது நாடகமாக இருக்காது.

நாடகம் முடிந்ததும்

யாராவது ஒருத்தி எழுந்து போக மாட்டாள். நாற்காலி அடுக்குகிற மாதிரி, கப் கழுவுகிற மாதிரி நின்றுகொண்டிருப்பாள். அவளுக்காக ஒருவரை ஒதுக்கி வையுங்கள், நடித்தவராக இருக்க வேண்டாம், அவர் இன்னும் வேஷத்திலேயே இருப்பார். கேட்கட்டும், போலீஸ் ரிப்போர்ட் செய்யச் சொல்லி நெருக்க வேண்டாம். அரசாங்கத்தின் தாலியான் காசே உதவித் தொலைபேசி எண் 15999 எழுதிய சின்னத் தாள்களைக் கழிவறைக் கதவின் உள்பக்கம் ஒட்டி வையுங்கள், வாசலில் எல்லார் முன்னாலும் அதை யாரும் எடுக்க மாட்டார்கள். பாலியல் தொந்தரவுக்கு 2022-ல் தனிச்சட்டம் வந்து, அதன்படி ஒரு தீர்ப்பாயமும் இருக்கிறது, வக்கீல் இல்லாமலே போகலாம், 2,50,000 ரிங்கிட் வரை இழப்பீடு வழங்க அதற்கு அதிகாரம் உண்டு. நம் ஊரில் இது தெரிந்த பெண்கள் குறைவு, அதையும் தாளில் எழுதுங்கள்.

வீடியோ எடுக்க விடாதீர்கள். டிக்டாக்கில் முப்பது விநாடி வெட்டிப் போட்டால் மண்டோர் சிரிக்கிற காட்சி மட்டும்தான் சுற்றும், கூட்டத்தில் அழுத முகங்களும் அதில் இருக்கும். பிரதியை மட்டும் பத்திரமாக வையுங்கள், எந்த வசனத்தில் கூட்டம் அமைதியானது, எங்கே தேவையில்லாமல் சிரித்தது என்று அன்று இரவே ஓரத்தில் குறித்துவிடுங்கள். சிரித்த இடங்களைத்தான் முதலில் திருத்த வேண்டும். பிறகு அந்தப் பிரதியை கேரித்தீவிலோ ஜெஞ்சாரோமிலோ இருக்கும் இன்னொரு பெண்கள் குழுவுக்குக் கொடுத்து, அவர்கள் ஊர்ப் பேச்சுக்கு மாற்றிப் போடச் சொல்லுங்கள்.